ஏழாம் நம்பர் ஆள்

கிலேன் துஃப்ரானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. அந்த மனிதரால் எனக்கு வேலை போனது. ஆனால் மோன்ஸ் நகரத்தில் அவரை என்னைவிட அதிகமாகத் தெரிந்தவர் யாரென்று கேட்டால், அவர் மனைவி ஒருத்தியைத்தான் சொல்ல முடியும். அவளுக்கும்கூட அவருடைய வலது கையைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்திருக்காது. பத்தொன்பது மாதம் நான் உட்கார்ந்து பார்த்தது அந்தக் கையைத்தான்.

என் பெயர் பெரான்ஜேர். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பொறியாளராக இருந்தேன். வானொலி, தொலைக்காட்சிக் கிடங்குகளில் மலையாகக் குவிந்து கிடக்கும் பழைய ஒலிகளையும் படங்களையும், சொல் தட்டித் தேடாமல் கையாலேயே துழாவி எடுக்க ஒரு மேசை செய்வது எங்கள் திட்டம். மேலே கண்ணாடி, அடியிலும் கூரையிலும் கேமரா. ஒரு மரவில்லையை எடுத்துக் கண்ணாடியில் வைத்தால் அது ஓர் ஒலி. பித்தளை வாத்தியக் குழுவின் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைப் போன்ற ஒலிகளெல்லாம் வெளிச்சப் புள்ளிகளாக வந்து வில்லையைச் சுற்றி மொய்க்கும். கையை நீட்டி அள்ளினால் புள்ளிகள் கிட்டே வரும். தள்ளினால் விலகும். கிள்ளினால் ஒன்று மட்டும் பாடும். மணிக்கட்டைத் திருப்பினால் படம் முன்னும் பின்னும் ஓடும். இவ்வளவுதான். கேட்க அழகாக இருக்கும். எழுதிக் கேட்டதும் அரசாங்கமும் பணம் கொடுத்தது.

எங்களுக்குப் பதினெட்டாயிரம் துண்டுகள் வந்தன. திருவிழா மேளம், கால்பந்து மைதானத்துக் கூச்சல், சுரங்கத்து லிஃப்ட் இறங்கும் சத்தம், மாட்டுச் சந்தை ஏலம், மேயர்களின் பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து ஊராருக்குக் காட்ட வேண்டும் என்பது ஆய்வக வழக்கம். அதனால் பதினொரு வாரம் மெத்தனமாக இருந்துவிட்டுப் பன்னிரண்டாவது வாரம் எல்லோரும் பேயாய் அலைவோம்.

மேசைக்கு மனிதக் கையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு, இந்த மேசையை முன்பின் பார்த்திராத பன்னிரண்டு பேர் வேண்டும் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எழுதினோம். இரண்டாயிரத்து ஒன்பது நவம்பரில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பெயரைப் பதியக் கூடாது, எண்தான் போட வேண்டும் என்பது விதி. ஏழாவதாக உள்ளே வந்தவர் கிலேன்.

ஐம்பத்து மூன்று வயது. கரெஞோன் ஊர்க்காரர். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருடம் பெட்டி கட்டினவர். அங்கே ஓர் இயந்திரம் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. அவை உள்ளங்கைப் பக்கம் மடங்கியபடியே நின்றுவிட்டன, நிமிராது. பிறகு தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். அந்தக் கையைப் பார்த்த அன்றைக்கே நான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்று படிவத்தில் எழுதியாகிவிட்டது, பதினொன்றாகக் குறைந்தால் திட்டத்தின் தலைவர், பேராசிரியர் மெர்சனியே, வள்ளென்று விழுவார் என்று பயந்து உட்காரச் சொன்னேன்.

"நான் சொல்ற சத்தத்த நீங்க மேசையில தேடணும். தேடும்போது மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே சத்தமா சொல்லணும். எதையும் மறைக்கக் கூடாது," என்றேன். இப்படிப்பட்ட சோதனைகளில் எல்லோரிடமும் சொல்வதுதான்.

"எதையுமா?"

"எதையும்."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது மதாம்."

"நாங்க உங்களச் சோதிக்கல மிஸ்யே. மேசையத்தான் சோதிக்கிறோம். தாராளமா சொல்லுங்க."

மாட்டுச் சந்தை ஏலத்தைத் தேடச் சொன்னேன். வில்லையை வைத்தார், கையை ஆட்டினார். மேசை அவருக்கு ஒரு மேயரின் பேச்சைப் போட்டது.

"சரி. மனசுல ஓடுறது. மாட்டு ஏலம் கேட்டா மேயர் பேசுறாரு. ரெண்டும் ஒண்ணுன்னு மேசைக்குத் தோணியிருக்கு. அதுல தப்பு சொல்ல முடியாது. கண்ணாடி ஒரே அழுக்கு. என் பின்னாடி ஒருத்தர் கழுத்துப்பட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாரு, ஒரு வேலையும் இல்ல போல. இந்த அம்மா காபிய உறிஞ்சுறாங்க. எங்க வீட்டு நாய்கூட இவ்ளோ சத்தம் போடாது."

கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் மெர்சனியே. இதெல்லாம் ஒலிப்பதிவாகிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டியவள் நான்.

இரண்டு வாரத்தில் ஐந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்தில் மற்றவர்களும் போய்விட்டார்கள். ஒரே சைகையை இருநூறு தடவை செய்யச் சொன்னால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கிலேன் மட்டும் வந்துகொண்டிருந்தார். வீட்டில் உட்கார்ந்து மனைவி வாயில் விழுவதைவிட எங்களைத் திட்டுவது அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். காலை எட்டரைக்கு வருவார். கோட்டைக் கழற்றுவார். உட்கார்ந்து கையை நீட்டுவார். மத்தியானம் காகிதத்தைப் பிரித்துப் பன்றித்தலைக் கறி வைத்த ரொட்டியைத் தின்பார். அந்த வாடை சாயங்காலம்வரை அறையை விட்டுப் போகாது. அதே விரலோடு கண்ணாடியைத் தொடுவார். கேமரா எண்ணெய்த் திட்டுகளையெல்லாம் மரவில்லை என்று நினைத்துக்கொண்டு கண்டபடி பாட ஆரம்பிக்கும்.

"கையத் துடைச்சுக்கங்க மிஸ்யே," என்று நான் சொல்லாத நாள் இல்லை.

"மனசுல ஓடுறது. மதாம் வீட்டுல யாரும் மதாம் பேச்சக் கேக்கிறதில்ல. அதான் இங்க வந்து காட்டுறாங்க," என்பார் ஒலிவாங்கியைப் பார்த்து.

என் கணவன் அந்த வருடம்தான் என்னை விட்டுப் போயிருந்தான். அது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது அவரைக் கொன்றுவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. விதிப்படி அதையும் எழுதினேன்.

அந்தப் பதிவுகளில்தான் அவர் கதையும் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளில் கோட்டோரம் கொடி பிடிப்பாராம். ஒரு தடவை மைத்துனன் அணி கடைசி நிமிடத்தில் கோல் போட்டது, இவர் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கிவிட்டார். கோப்பை போயிற்று. மைத்துனன் ஒன்பது வருடம் பேசவில்லை. "மேசையில கால்பந்துக் கூச்சல் வந்துச்சா, ஞாபகம் வந்துடுச்சு. அவன் கோட்டத் தாண்டித்தான் நின்னான். தாண்டி நின்னா தாண்டி நின்னதுதான். பொண்டாட்டி அழுதா. நான் என்ன பண்ண?" என்று நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். இதைப் படித்த பிறகாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சுதாரிக்கவில்லை. ஏனென்றால் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. முதல் மூன்று மாதத்தில் மேசை நூற்றுக்கு எழுபத்தொரு தடவை கையைச் சரியாகப் புரிந்துகொண்டது. பிறகு எண்பத்து நான்கு. ஒரு வருடம் கழிந்தபோது தொண்ணூற்றாறு. மெர்சனியே ஷாம்பெயின் உடைத்தார். எங்களில் யாரும் மேசையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை, கதவு திறந்த நாட்களில் வந்த ஊராரையும் தொட விடவில்லை. காபிக் கோப்பையோடு சுற்றி நின்று, "ஏழு, அள்ளிக் காட்டுங்க," என்போம். ஏழு அள்ளுவார். அத்தனை புள்ளிகளும் அவர் கைக்கு வரும். மேசை எங்கே தடுமாறுகிறதோ அங்கே, "இன்னொரு தடவை," என்பேன். அந்தப் புதுப் பதிவை எடுத்து மேசைக்கு ஊட்டுவேன். இப்படி ஊட்டி ஊட்டி, விரல் இரண்டு மடங்கியிருந்தால்தான் விரித்த கை என்று மேசைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இதைச் செய்தவள் நான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. மேசை மனிதர்களைப் புரிந்துகொள்கிறது என்று நாங்கள் கட்டுரை எழுதினோம், மேசை ஒரே ஒரு கிலேனைத்தான் புரிந்துகொண்டிருந்தது. கட்டுரையின் முதல் பக்கத்திலும், ஆளுயர விளம்பரத் தட்டியிலும் அவருடைய கையின் படம் வந்தது. கீழே எங்கள் ஐந்து பேரின் பெயர் இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்று மார்ச்சில் மெர்சனியே அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஜூனில் மாநிலத் தலைநகரான நமூரிலிருந்து அரசாங்கத்தின் மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, திட்டம் இன்னும் இரண்டு வருடம் நீளுமா நிற்குமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். நானும் அறையில் இருந்தேன்.

"குழு சரின்னு சொல்லிட்டா உன்ன நிரந்தர வேலைக்கு எடுத்துக்கறேன். செயல்விளக்க உதவியாளர்னு. ஒப்பந்தம், லீவு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு," என்றார் மெர்சனியே. எல்லோரையும் நீங்கள் என்பவர், கிலேனை மட்டும் நீ என்பார்.

கிலேன் மெர்சனியேவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "எனக்கு அம்பத்தஞ்சாகப் போகுது. யாருக்குக் காது குத்துறீங்க?" என்றார்.

"உண்மையாத்தான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. அதுவரைக்கும் வாயக் கொஞ்சம் அடக்கு."

அடக்கினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதப் பதிவுகளிலும் ஒரு வசவு கிடையாது. மேயர் பேச்சு தப்பாக வந்தாலும், "பரவாயில்ல, நல்லா இருக்கு," என்றார். கறி ரொட்டியை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தின்றார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு நாள் தேடலுக்கு நடுவில், தனக்கே சொல்லிக்கொள்வது போல, "மார்ஸ்லின்கிட்ட சொல்லிட்டேன். அவ ஸ்கூல் சமையக்கட்டு வேலைய விட்டுடலாமான்னு கேக்குறா. முட்டி வலி அவளுக்கு," என்றார். மார்ஸ்லின் அவர் மனைவி. அந்த வரியைத் தட்டச்சு செய்தபோதுதான் அவர் அந்த வேலையை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. உறைத்து என்ன பயன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

குழு வரும் நாளுக்கு முந்தின வாரம் மெர்சனியே ஒரு முடிவெடுத்தார். செயல்விளக்கத்தை லூதிவீன் செய்யட்டும் என்றார். லூதிவீன் எங்கள் முனைவர் பட்ட மாணவி. நன்றாகப் பேசுவாள், பார்க்கவும் லட்சணமாக இருப்பாள்.

"நமூர்க் குழு முன்னாடி அந்த ஆளு எதாவது உளறி வச்சான்னா? வேண்டாம். அன்னிக்கு அவன வீட்டுலயே இருக்கச் சொல்லிடுங்க," என்றார் என்னிடம்.

சொன்னேன். கிலேன் முகம் கறுத்தது. "அப்ப அந்த வேலை?" என்று கேட்டார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றேன்.

ஜூன் மாதம், காலை பத்து மணி. கீழ்த்தள அரங்கில் மேசை. பின்னால் அந்த ஆளுயரத் தட்டி. குழுவில் நால்வர், தலைவி மதாம் கொலார். வெள்ளைமுடி, கறாரான பெண்மணி. ஊராருக்கும் கதவு திறந்திருந்ததால் முப்பது பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு கிலேன் உட்கார்ந்திருந்தார். கோட்டில் இஸ்திரி மடிப்பு கத்தி போல நின்றது. வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லூதிவீன் அழகாகப் பேசினாள், ஒரு வாரமாக அவள் ஒத்திகை பார்த்தது பேச்சை மட்டும்தான். பித்தளை வாத்தியம் என்று சொல்லி வில்லையை வைத்தாள். ஐந்து விரலையும் விரித்து அள்ளினாள். புள்ளிகள் எல்லாம் மேசையின் விளிம்புக்கு ஓடிப் போயின. மறுபடி அள்ளினாள். ஒன்றும் வரவில்லை. கிள்ளினாள். திருவிழா மேளமும் மாட்டு ஏலமும் கால்பந்துக் கூச்சலும் ஒன்றாக அலறின. குழுவில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"வெயில் விழுது. கேமராவுக்கு வெயில் ஆகாது," என்றார் மெர்சனியே. திரையை இழுத்தோம். மேசையை நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்கினோம். மறுபடியும் அதே அலறல். லூதிவீனின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. மெர்சனியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் ஒப்பந்தமும் இருந்தது, அது அந்த மாதக் கடைசியில் முடிகிறது.

யாரும் சொல்லிக்கொடுத்து நான் செய்யவில்லை. என் வாயே சொன்னது. "நாங்க பழகினவங்க, அதான் பதட்டத்துல தப்பு வருது. வந்திருக்கிற ஊர்க்காரங்கள்ல யாராவது ஒருத்தர் செஞ்சு பாக்கட்டுமே," என்றேன் சத்தமாக. மதாம் கொலாருக்கு அது பிடித்தது. நான் நேரே கடைசி வரிசைக்குப் போனேன்.

"எந்திரிச்சு வாங்க. ஊர்க்காரர் மாதிரி வாங்க. எங்களத் தெரியாத மாதிரி," என்றேன் அவர் காதோரமாக.

"அப்ப என் வேலை?"

"அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப வாங்க."

வந்தார். வில்லையை எடுத்து வைத்தார். வலது கையை நீட்டி அள்ளினார். பித்தளை வாத்தியக் குழுக்கள் அத்தனையும் அவர் உள்ளங்கைக்குக் கீழே வந்து நின்றன. தள்ளினார், ஒரே ஒரு குழு மிஞ்சியது. கிள்ளினார், அது மட்டும் பாடியது. மணிக்கட்டைத் திருப்பினார், படத்தில் அந்தக் குழுவின் ஊர்வலம் பின்னோக்கி நடந்து தேவாலயத்துக்குள் போனது. அரங்கம் கை தட்டியது.

"இதுக்கு முன்னாடி இத நீங்க பாத்ததே இல்லையா?" என்று மதாம் கொலார் கேட்டார்.

கிலேன் வாய் திறப்பதற்குள் மெர்சனியே முந்திக்கொண்டார். "பொதுமக்கள்ல ஒருத்தர் மதாம். இப்பதான் முதல் தடவையா தொடுறார். இதத்தான் நாங்க சொல்ல வந்தோம், யார் வந்தாலும் வரும்."

மதாம் கொலாரின் பக்கத்தில் இருந்தவர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். எழுதுவதைக் கிலேன் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தோடு விட்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். மதாம் கொலார் சிரித்துக்கொண்டே, "ரொம்ப நல்லது மிஸ்யே. எப்படி இருந்துச்சு? மனசுல என்ன ஓடுதோ அத அப்படியே சொல்லுங்க," என்றார்.

பத்தொன்பது மாதமாக அந்த மனிதரை நாங்கள் பழக்கி வைத்தது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

"எதையும் மறைக்கக் கூடாதா?" என்றார் கிலேன். மதாம் கொலாரிடம் அல்ல, என்னைப் பார்த்து.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி. மனசுல ஓடுறது. நான் இங்க முதல் தடவ வரல. ரெண்டு வருஷமா வரேன். இவங்க எனக்குப் பேரு வைக்கல, நம்பரு வச்சாங்க, ஏழு. வேலை தரேன்னாங்க. இன்னிக்கு வராதன்னாங்க. வந்ததும் தெரியாத ஆளு மாதிரி நில்லுன்னாங்க. என் பேரு கிலேன் துஃப்ரான். கரெஞோன். எழுதிக்கங்க."

"இந்த மிஸ்யே கொஞ்சம்..." என்று மெர்சனியே ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மதாம் கொலார்.

"இந்த மேசைக்கு உங்களத் தெரியாது மதாம். வேற யாரையும் தெரியாது. கைய நீட்டுங்க, பாப்போம்," என்றார் கிலேன்.

மதாம் கொலார் எழுந்து வந்து அள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் மற்ற மூவரும் அள்ளினார்கள். ஒரு புள்ளியும் அசையவில்லை. கிலேன் தட்டியைக் காட்டி, "அந்தப் படத்துல இருக்கிற கையப் பாருங்க. இந்தக் கையையும் பாருங்க," என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மடங்கிய விரல் இரண்டையும் முப்பது பேரும் பார்த்தார்கள். பிறகு அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திட்டம் ஜூலையில் நின்றது. மெர்சனியேவுக்கு ஒரு சேதமும் இல்லை, பேராசிரியர்கள் விழ மாட்டார்கள். செப்டம்பரில் வேறொரு திட்டம் வாங்கிவிட்டார். லூதிவீன் லியோனுக்குப் போய்விட்டாள். என் ஒப்பந்தத்தை மட்டும் நீட்டவில்லை. நாற்பது வயதில் பள்ளிக்கூடத்தில் மாற்று ஆசிரியையாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு நாளும் அந்த ஆளை மனதுக்குள் திட்டினேன். என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு சாயங்காலம், ரயில் நிலையத்துக்கு முன்னால் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். அதே சாம்பல் கோட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. நேரே போய் முன்னால் நின்றேன்.

"உங்களால என் வேலை போச்சு," என்றேன்.

"தெரியும்."

"உங்க வேலையும் போச்சு. முதல் தடவைதான்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சிருக்கும். உங்க பொண்டாட்டிக்கு முட்டி வலின்னு சொன்னீங்களே, அவங்களுக்காகவாவது அத சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முதல் தடவ வந்தவன்னு அந்தாளு தாள்ல எழுதுனத நான் பாத்தேன் மதாம். அப்படி எழுதுனதுக்கு அப்புறம் என்ன எப்படி வேலைக்கு வைப்பீங்க? அடுத்த மாசம் அதே அம்மா வந்து, இவரு ஊர்க்காரராச்சே, இங்க எப்படின்னு கேக்க மாட்டாங்களா? என் பேரு உங்க சம்பளப் பட்டியல்ல எப்படி வரும்? நான் பெட்டி கட்டுறவன், எனக்கே புரிஞ்சுது. உங்களுக்குப் புரியலையா?"

எனக்குப் புரிந்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு அந்தக் கடைசி வரிசைக்கு நடந்த பத்தடி தூரத்திலேயே எனக்குத் தெரியும், இவரைத் தெரியாத ஆள் என்று கூப்பிட்டால் இவருக்கு வேலை கிடையாது என்று. தெரிந்தேதான் கூப்பிட்டேன். என் ஒப்பந்தம் பிழைத்தால் போதும் என்று இருந்தது. ஐந்து மாதமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்ததே இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான்.

"மார்ஸ்லின் இன்னும் சமையக்கட்டுக்குத்தான் போறா," என்றார். "அத விடுங்க. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தினம் காலையில நீங்க உள்ள வருவீங்க. அந்தப் பொண்ணுக்குக் கன்னத்துல முத்தம். பேராசிரியருக்குக் கை குடுப்பீங்க. காபி மெஷின் ரிப்பேர் பண்ண வரானே, அவனுக்குக்கூட ஒரு சுத்து வந்து கை குடுப்பீங்க. பத்தொம்பது மாசம் நானும் அதே அறையிலதான் உக்காந்திருந்தேன். என் கையத்தான் படம் புடிச்சீங்க, அளந்தீங்க, பெருசாக்கிப் பாத்தீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கையப் புடிச்சு வணக்கம் சொல்லியிருக்கீங்களா?"

அவமானமாக இருந்தது, காது மடல் எரிந்தது. ஒரு தடவையாவது செய்திருப்பேன் என்று நினைவைத் துழாவினேன். இல்லை.

கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினேன்.

கிலேன் அந்தக் கையைப் பார்த்தார். தன் வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"இது என்ன மதாம், சோதனையா?" என்றார்.

கரெஞோன் பேருந்து வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போய்விட்டார்.